ராத்திரி 2.40-க்கு நின்ற வாட்ச்

ஆட்டோமேட்டிக் வாட்ச்சுக்குப் பேட்டரி கிடையாது. தினமும் சாவி கொடுக்கவும் வேண்டாம். உள்ளே அரைவட்டமாக ஓர் உலோகத் தகடு இருக்கும். கை அசைய அசைய அது சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கிவிடும். கழற்றி வைத்துவிட்டால், பெரும்பாலான வாட்ச்கள் ஒன்றரை, இரண்டு நாளில் நின்றுவிடும். கட்டியிருப்பவர் நடமாடினால்தான் அதுவும் நடமாடும்.

என் அப்பாவிடம் இருப்பது எச்.எம்.டி. காஞ்சன். 1983-ல் கல்யாணத்தின்போது அம்மா வீட்டில் போட்டது. மாப்பிள்ளை வீட்டார் பெயரைச் சொல்லியே கேட்டு வாங்கிய வாட்ச் அது. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கூட்டு சேர்ந்து, 1961-ல் பெங்களூரில் வாட்ச் தயாரிக்க ஆரம்பித்த அரசு நிறுவனம் எச்.எம்.டி. 2016-ல் அதன் வாட்ச் பிரிவை மூடப் போவதாகச் செய்தி வந்தபோது, “கம்பெனி நின்னுடுச்சு, வாட்ச் ஓடுது பாரு” என்று கையைத் தூக்கிக் காட்டினார் அப்பா.

ஓடாமல் என்ன செய்யும்? அப்பா பஸ் கண்டக்டர். தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் என்று பஸ்ஸில் எழுதியிருந்த காலத்திலிருந்து வேலை. விழுப்புரம் - திண்டிவனம் கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறி இறங்கி, கம்பியைப் பிடித்து, டிக்கெட் கிழித்து, சில்லறை கொடுத்து... கண்டக்டர் கையில் ஆட்டோமேட்டிக் வாட்ச் நிற்க வழியே இல்லை. ரிட்டையர் ஆன பிறகும் கடைக்கும் கோயிலுக்கும் நடந்தே போவார். அதுவே அதற்குப் போதுமாக இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. இடது கை, இடது கால். பேச்சு தப்பியது. ஆஸ்பத்திரியிலிருந்து திண்டிவனம் வீட்டுக்கு வந்ததும் முதலில் கேட்டது வாட்ச்சைத்தான். அம்மா கட்டிவிட்டார். ராத்திரி நின்றுவிட்டது. மறுநாளும் அப்படியே. “என் கை மாதிரியே ஆயிடுச்சு” என்றார் அப்பா. அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

சென்னையிலிருந்து தம்பி ஒரு வைண்டர் அனுப்பினான். உள்ளங்கையில் அடங்குகிற சின்னப் பெட்டி. உள்ளே இருக்கிற மெத்தையில் வாட்ச்சை மாட்டி மூடினால், மோட்டார் கொஞ்ச நேரம் சுற்றும், கொஞ்ச நேரம் ஓய்வெடுக்கும். ஒரு நாளைக்கு எத்தனை சுற்று, எந்தப் பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். பல வாட்ச்களுக்கு 650-லிருந்து 800 சுற்று போதும். சத்தமே இல்லை. மூன்று நாள் விடாமல் ஓடியது. அப்பா ஒருமுறைகூட அதில் மணி பார்க்கவில்லை.

“அது மோட்டார் ஓட்டுற வாட்ச்சும்மா. எடுத்துடு.”

ஒருவேளை வாட்ச்சிலேயே கோளாறோ என்று விழுப்புரத்தில் எனக்குத் தெரிந்த பழைய ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனேன். திறந்து, துடைத்து, எண்ணெய் போட்டுக் கொடுத்தார். “மிஷின் நல்லாத்தான் இருக்கு. வைண்டர் எல்லாம் நாலஞ்சு வாட்ச் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வசதி, அவ்வளவுதான். சும்மா நிக்கிறதால வாட்ச் கெடாது. சில வருஷத்துக்கு ஒருமுறை சர்வீஸ் பண்ணாம ஓட்டுனாத்தான் தேயும்” என்றார். அதற்குப் பிறகும் ராத்திரி நின்றது. இனி வாட்ச்சைக் குறை சொல்ல முடியாது.

பிசியோதெரபிஸ்ட் கொடுத்திருந்த பயிற்சிகளை அப்பா அதுவரை வேண்டாவெறுப்பாகத்தான் செய்துகொண்டிருந்தார். வலது கையால் இடது கையைத் தூக்குவது, மேஜையில் தண்ணீர் பாட்டிலை உருட்டுவது, வாசலில் கையை வீசி நடப்பது. ஒருநாள் காலையில், தலைமாட்டில் நின்றுபோயிருந்த வாட்ச்சைப் பார்த்து, தினசரி காலண்டர் தாளில் 2.40 என்று எழுதினார். அம்மா செல்போனைப் பார்த்து மணியைத் திருத்திக் கட்டிவிட்டார். அடுத்த நாள் 2.55. ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் டிக்கெட் நம்பர் குறித்துப் பழகியவராயிற்றே, விடுவாரா? பாட்டிலை உருட்டும் நேரம் தானாகவே கூடியது. ஒரு மாதத்தில் 4.10 வந்தது. இடையில் காய்ச்சலில் படுத்தபோது 1 மணிக்கே நின்றது. அன்றைக்கு யாரிடமும் பேசவில்லை.

வாட்ச் ஓடுவதால் கை குணமாகிவிடும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். விரல்கள் இன்னும் மடங்கியேதான் இருக்கின்றன. சட்டைப் பட்டன் அம்மாதான் போட்டுவிடுகிறார். “எங்கப்பா போட்ட வாட்ச், அதான் இந்த மனுஷனை வேலை வாங்குது” என்பது அம்மா கட்சி.

வைண்டர் இப்போது விழுப்புரத்தில் எங்கள் வீட்டில் இருக்கிறது. என் கணவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கட்டுகிற சீகோ அதில் சுற்றுகிறது. கிழமையும் தேதியும் ஒவ்வொரு வாரமும் திருத்துகிற வேலை அவருக்கு மிச்சம்.

போன வாரம் திண்டிவனம் போயிருந்தேன். காலண்டர் தாளில் 5.25 என்றிருந்தது. அதற்கு முந்தின நாள் 3.50. பக்கத்திலேயே காரணமும் எழுதியிருந்தார்: ‘மழை. வாசலில் நடக்கவில்லை.’