பெல்ட்டிலிருந்து அவிழ்ந்த விசிறி

பழைய ஜீப் வைத்திருக்கும் இரண்டு பேர் டீக்கடையில் சந்தித்தால் பேச்சு எப்படியும் ரேடியேட்டர் ஃபேனில் வந்து நிற்கும். பெல்ட்டில் சுற்றும் ஃபேனே போதும், அதைத் தொடாதே என்பது ஒரு கட்சி. கழற்றிப் போட்டுவிட்டு பேட்டரியில் ஓடும் எலக்ட்ரிக் ஃபேன் மாட்டு என்பது எதிர்க்கட்சி. தேனிப் பக்கத்து மலைப்பாதைகளில் ஓட்டுவதற்காக ஒரு பழைய ஜீப் வாங்கியதும் இரண்டு தரப்பும் என்னை ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. யார் சொல்வது சரி என்பதைவிட எனக்கு வேறொன்று உறுத்தியது. அந்த விசிறியை முதலில் எஞ்சினோடு கட்டியவர்கள் எதற்காகக் கட்டினார்கள்?

1941-ஐச் சேர்ந்த வில்லிஸ் எம்.பி. ஜீப்பிலிருந்து தொடங்கினேன். 60 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின். வாட்டர் பம்ப் தண்டின் முனையிலேயே விசிறி. ஒரே பெல்ட் பம்ப்பையும் விசிறியையும் டைனமோவையும் சேர்த்துச் சுற்றுகிறது. 1949-ல் பம்பாய் மஸ்கானில் மஹிந்திரா பூட்டத் தொடங்கிய ஜீப்புகளின் ஏற்பாடும் இதுதான். ஆனால் ஜீப்பா இதைக் கண்டுபிடித்தது? 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி-யில், முதலில் செய்த சில ஆயிரம் வண்டிகளைத் தவிர, வாட்டர் பம்ப்பே கிடையாது. சூடான நீர் தானாக மேலேறி, குளிர்ந்து கீழிறங்கும். அதிலும் பெல்ட்டில் சுற்றும் விசிறி இருக்கிறது. இன்னும் பின்னால் போக வேண்டியிருந்தது.

போய் நின்ற இடம் 1900-ன் ஜெர்மனி. எமில் ஜெலினெக் என்ற வியாபாரிக்காக வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த மெர்சிடிஸ் 35 எச்.பி. கார். தேன்கூட்டு ரேடியேட்டர் என்று இன்று நாம் சொல்வது அதில்தான் வந்தது. 8,070 குட்டிக் குழாய்களை அடுக்கிப் பற்றவைத்த பெட்டி. அதன் பின்னால் ஒரு சின்ன விசிறியையும் வைத்தார் மேபாக். காரணம், வண்டி மெதுவாகப் போகும்போது எதிர்காற்று போதாது.

இதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. மெதுவாகப் போகும் வண்டிக்கென்று பிறந்த விசிறியை எஞ்சினோடு கட்டிப்போட்டதால், எஞ்சின் மெதுவானால் அதுவும் மெதுவாகிறது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்பை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் கியர், பாறை மேல் ஊர்ந்துபோகும் வேகம், எஞ்சினுக்கு முழுச் சுமை. காற்று மிகுதியாக வேண்டிய அந்த நேரத்தில் விசிறி சோம்பலாகச் சுற்றும். நெடுஞ்சாலையில் பறக்கும்போது முகப்பில் மோதும் காற்றே போதும், ஆனால் அங்கேதான் அது வெறிபிடித்துச் சுழலும். விசிறியின் வேகம் இரண்டு மடங்கானால் அது விழுங்கும் சக்தி எட்டு மடங்கு. தேவையில்லாத இடத்தில் டீசல் செலவு, தேவைப்படும் இடத்தில் கஞ்சத்தனம்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் அத்தனை காலம் பெல்ட்டை விடவில்லை? மின்சாரம் இல்லை, அவ்வளவுதான். 12 வோல்ட்டில் 15 ஆம்பியர் இழுக்கும் ஒரு ஃபேன், வில்லிஸின் 6 வோல்ட்டில் அதே வேலையைச் செய்ய 30 ஆம்பியர் கேட்கும். போதாக்குறைக்கு, எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது டைனமோ சார்ஜ் கொடுப்பதே அபூர்வம். எலக்ட்ரிக் ஃபேனுக்கு உண்மையில் வழிவிட்டது ஆல்டர்னேட்டர்தான் என்பது என் கணிப்பு. 1960-ன் கிரைஸ்லர் வேலியன்ட்டில் அது வழக்கமான உறுப்பாகவே வந்தது, ஐடிலிலும் கரன்ட் தந்தது. 1961-ல் ஜாகுவார் இ-டைப், வெப்பத்தைப் பார்த்துத் தானே ஓடும் எலக்ட்ரிக் ஃபேனோடு வந்துவிட்டது. ஆனால் அதற்கு ஆல்டர்னேட்டர் கிடைத்தது 1964-ல், 4.2 லிட்டர் எஞ்சினோடு. சோறு வருவதற்கு முன்பே விருந்தாளி வந்து உட்கார்ந்துவிட்டான்.

நடுவே ஒரு கிளைக்கதை. என் ஜீப்பின் எஞ்சின், பெஜோ உரிமத்தில் மஹிந்திரா தயாரித்த 2,112 சி.சி. டீசல். அதே பெஜோ, 1960-ல் வெளியிட்ட 404 காரில் விசிறியின் நடுக்குடத்துக்குள் மின்காந்தக் கிளட்ச் வைத்திருந்தது. தண்ணீர் சூடானால் காந்தம் பிடிக்கும், விசிறி பெல்ட்டோடு சேர்ந்து சுற்றும். ஆறினால் விட்டுவிடும். பெல்ட் கட்சிக்கும் பேட்டரி கட்சிக்கும் நடுவே இப்படி ஒரு கூட்டணி!

ஆனால் உலகம் முழுக்க எலக்ட்ரிக் ஃபேனைப் பரப்பியது காடும் மேடும் ஏறும் வண்டி அல்ல, சின்னக் குடும்பக் கார். 1969-ல் ஃபியட் 128-க்காக டான்டே ஜியாகோசா எஞ்சினைக் குறுக்கே திருப்பி வைத்தார். ரேடியேட்டர் முகப்பிலேயே இருந்தது. எஞ்சினின் பெல்ட் இப்போது வண்டியின் பக்கவாட்டைப் பார்க்கிறது. முன்னால் இருக்கும் விசிறியை அதனால் நேராகச் சுற்ற முடியாது. மோட்டார் வைத்துத்தான் ஆக வேண்டும். நம் ஊருக்கு இந்த அமைப்பு 1983 டிசம்பரில் மாருதி 800 வழியாகப் பெருவாரியாக வந்தது. இன்றும் ஜீப்புக்கு ஃபேன் தேடி உதிரிபாகக் கடைக்குப் போனால் முதலில் எடுத்து வைப்பது "மாருதி ஃபேன்"தான்.

போடியில் ஒரு பட்டறையில் மாற்றினோம். பழைய விசிறியின் போல்ட்டுகளைக் கழற்றி, வாட்டர் பம்ப் புல்லியைக் குட்டையான போல்ட்டுகளால் மறுபடி இறுக்கினார் மெக்கானிக். புது ஃபேனை ரேடியேட்டருக்குப் பின்னால், காற்றை உள்ளே இழுக்கும்படி பொருத்தினார். ரிலேயில் 30 என்ற எண் போட்ட முனைக்குப் பேட்டரி, நடுவே ஒரு ஃபியூஸ். 87-லிருந்து ஃபேனுக்கு. 85, 86-ல் ஒன்று தெர்மோ சுவிட்ச் வழியாக. தண்ணீர் 92 டிகிரியைத் தொட்டால் ஃபேன் ஓடத் தொடங்கும், 87 டிகிரிக்கு இறங்கினால் நிற்கும். பிறகு ஒரு தினசரித் தாளைக் கிழித்து கிரில் முன்னால் பிடித்தார். தாள் போய் அப்பென்று ஒட்டிக்கொண்டது. "ஒட்டலேன்னா வயரை மாத்திக் குடுத்திருக்கோம்னு அர்த்தம், தம்பி. எதிர்க்காத்தோட மல்லுக்கட்டும்" என்றார்.

டாஷ்போர்டில் ஒரு சுவிட்சும் கேட்டு வாங்கினேன். ஓடையில் இறங்கும் முன் ஃபேனை நிறுத்துவதற்காக. பெல்ட் விசிறி தண்ணீருக்குள் சுழன்றால் அதன் இறக்கைகள் நீரைக் கடித்து முன்பக்கம் வளையும், ரேடியேட்டரையே கிழித்துவிடும். அதனால்தான் ஆழமான தண்ணீரில் இறங்கும் முன் பெல்ட்டைத் தளர்த்தும் பழக்கம் இருந்தது. என்னைக் கேட்டால் ஜீப்காரனுக்கு இந்த மாற்றத்தில் கிடைக்கும் பெரிய லாபம் இந்தச் சுவிட்ச்தான். மைலேஜ் கூடும் என்பவர்களை நான் பாதிதான் நம்புகிறேன்.

அமெரிக்காவில் ஜீப் ராங்ளரே 2007 மாடலில் ஆலையிலிருந்து எலக்ட்ரிக் ஃபேனோடு வந்தது. அதற்காகப் பெல்ட் கட்சி தோற்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். தினமும் சவாரி ஏற்றும் டிரைவர்களுக்கு ஃபியூஸ், ரிலே, எர்த் வயர் என்று கெட்டுப்போக மூன்று புதுச் சாமான் எதற்கு? தவிர, வாட்டர் பம்ப்பும் ஆல்டர்னேட்டரும் இன்னும் அந்தப் பழைய பெல்ட்டில்தான் ஓடுகின்றன. அது அறுந்தால் என் புது ஃபேன் பேட்டரியில் கொஞ்ச நேரம் சுற்றும், ஓடாத தண்ணீரைக் குளிர்விக்க. ஸ்பேர் பெல்ட்டை மட்டும் சீட்டுக்கடியிலிருந்து நான் எடுக்கவில்லை.