மலை ஏறும் சைக்கிள்

மின்விசையால் இயங்கும் மலைச் சைக்கிள் ஒன்றை நாம் 2024 ஆம் ஆண்டின் இறுதியில் விலைக்கு வாங்கினோம். புத்தம் புதியதன்று. நுவரெலியாவில் உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடவென ஒருவர் தருவித்து, ஒரு பருவம் மட்டுமே ஓடவிட்டு, தொழிலைக் கைவிட்டபோது விற்றது. விலை 240,000 ரூபா. நம் சம்பளத்தில் ஏறத்தாழ நான்கு மாதம். அவ்வாண்டு செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளமான 1350 ரூபாவைக் கொண்டு கணக்கிட்டால், 178 முழுப்பேர். ஒருநாளும் அரைப்பேர் விழாமல், ஒரு வாய்ச் சோறும் உண்ணாமல், ஏழு மாதம் கொழுந்து பறித்தவள் இதனை வாங்கலாம்.

நாம் குடியிருப்பது தலவாக்கலைக்கு அண்மையில். கற்பிப்பதோ ஒன்பது கிலோமீற்றருக்கு அப்பால், முந்நூற்றைம்பது மீற்றர் மேலே உள்ள தோட்டப் பாடசாலையில். காலையில் ஒரு பஸ் உண்டு. அது வராத நாளில் முச்சக்கர வண்டிக்காரர் கேட்பதே கூலி. 2022 ஆம் ஆண்டிலோ அதுவும் இல்லாமற் போயிற்று. பெற்றோலுக்காக மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்றதும், பாடசாலைகள் மூடிக் கிடந்ததும், மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர் என்று பங்கிட்டதும் எவருக்கும் மறந்திராது. கொழும்பில் அந்நாட்களில் பலர் சாதாரணச் சைக்கிளுக்கு மாறினர். அது சமதரைக்காரர்களுக்கு இயன்றது. இந்த மலையில் சைக்கிள் வைத்திருப்பவன் பாதித் தூரம் அதனைத் தள்ளிக்கொண்டல்லவா போகவேண்டும்! அப்போது மனத்தில் விழுந்த விதை இரண்டரை ஆண்டு கழித்து முளைத்தது.

பழைய வண்டி வாங்குபவன் அதன் மின்கலத்தைத்தான் வாங்குகிறான். மற்றவையெல்லாம் அதற்கு இனாம். ஹற்றனில் கைத்தொலைபேசி திருத்தும் கடையில் வேலை செய்யும் நம் பழைய மாணவன் ஒருவன் உடன் வந்தான். விற்பவர் மின்கலத்தில் எரிந்த பச்சை விளக்குகளைக் காட்டி மகிழ்ந்துகொண்டிருக்க, அவன் நம் காதருகே, “சேர், ரோட்டுல எல்லா பற்றறியும் நல்லாத்தான் ஓடும். ஏத்தத்துல ஏத்திப் பாருங்க” என்றான். ஏற்றிப் பார்த்தோம். தேய்ந்த மின்கலம் மேட்டின் நடுவில் திடீரென்று மூச்சடங்கும், இது அடங்கவில்லை. மோட்டார் எங்கே இருக்கிறது என்பதையும் அவனே கவனிக்கச் சொன்னான். மிதியச்சில் பொருத்திய மோட்டாருக்குப் பற்சக்கர மாற்றம் துணை நிற்கும். சில்லின் நடுவில் இருப்பதோ நெடிய மேட்டில் மெதுவாகச் சுழன்று, சூடேறித் தளரும். நமக்கு வாய்த்தது முதல் வகை.

மேடேறுவது எளிதாகிவிட்டதால் இறங்குவது எளிதாகிவிடவில்லை. இருபத்து மூன்று கிலோ வண்டியும் நாமும் ஈரத்தார் வீதியில் இறங்கும்போது, தேய்வது பிரேக் கட்டைகளே. தென்மேல் பருவமழையில் அவை இருமடங்கு விரைவில் கரைந்தன. தை மாதக் குளிரில் மின்கலமும் சற்றே சுணங்கும். ஆகவே இரவில் அதனைக் கழற்றி அறைக்குள் எடுத்து வைக்கிறோம். மழலைக்குத் தரும் உபசாரம் அதற்கு நடப்பதாக வீட்டில் பேச்சு.

முழுதாய் நிரப்ப அரை அலகு மின்சாரம் போதும். அந்த அரை அலகு எங்கிருந்து வருகிறது? டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1918 இல் லக்சபான நீர்வலுவைப் பற்றி எடுத்துரைத்தார். மின்னிலையம் இயங்கத் தொடங்கியது 1950 இல். 1969 இல் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. வரட்சியில் நீர் வற்றும்போது அதன் பழைய கோயில் இன்றும் தலைகாட்டுகிறது. 2012 இல் தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் நிறைவேறியபோது, சென் கிளயர் அருவி மெலிந்தது. நீர் நம்முடையது, ஊர் நம்முடையது; ஆனால் லயன்களில் மின்விளக்கு எரிந்தது நகரங்களில் எரிந்து நெடுங்காலம் சென்ற பிறகே. 2022 மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்தபோது, அணைக்கட்டின் நிழலில் வாழ்பவர்களும் குப்பி விளக்கைத்தான் தேடினார்கள்.

ஒரு கனமீற்றர் நீர் நானூறு மீற்றர் கீழே விழுந்தால் கிட்டத்தட்ட ஓரலகு மின்சாரம் பிறக்கும். நம்மை இரண்டு நாள் பாடசாலைக்கு ஏற்றி விடுவதற்கு அதிற் பாதி நீர் விழுந்தாற் போதும்.

இந்தக் கணக்கைப் போட்ட மனம் அதனோடு நிற்கவில்லை. நாம் காலையில் ஏறிச் செல்லும் அதே வளைவில், முதுகிற் கூடையும் தலையிற் கொங்காணியுமாகப் பெண்கள் மலைக்கு ஏறுகிறார்கள். பறித்த கொழுந்தைச் சாக்கிற் கட்டி, நிறுவைக்காகக் கொழுந்து மடுவத்துக்குச் சுமக்கிறார்கள். மடுவத்துக்கு லொறி வரும். பறிக்கும் இடத்துக்கு வராது. இருபது கிலோ கொழுந்தை நூறு மீற்றர் உயரத்துக்குத் தூக்கவேண்டிய வலு எவ்வளவு? தேய்மானத்தையும் சேர்த்துப் பார்த்தாலும், நம் சைக்கிள் மின்கலத்தில் நூறில் இரண்டு பங்குக்கு மேல் ஆகாது. உல்லாசப் பயணியின் முழங்காலுக்கு மோட்டார் கண்டுபிடித்த காலத்தில், இந்தச் சுமைக்கு மட்டும் ஏன் மனித முதுகு? இயலாத காரியமென்று சொல்லவும் வழியில்லை. வெள்ளைத் துரைமார் காலத்திலேயே சில தோட்டங்களில் கொழுந்து மூட்டைகளைக் கம்பிவடத்திற் கோத்துத் தொழிற்சாலைக்கு இறக்கினார்கள். கொழுந்து வாடக்கூடாது என்ற கவலை அவர்களுக்கு இருந்தது. பறித்தவள் வாடுவதைப் பற்றி எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பத்தி இல்லை.

கம்பிவடம், சிறு மோட்டார், மின்கலம் என்று இதனை ஒரு தாளில் எழுதி, தோட்டத்து மாதர் தலைவியிடம் கொடுத்தோம். முப்பத்தோராண்டு கொழுந்தெடுத்தவர் அவர். தாளை நிதானமாகப் படித்தார். மழையில் நனைந்தால் என்னாகும் என்று கேட்டார், சொன்னோம். பிறகு சொன்னார்:

“நல்லாத்தான் இருக்கு சேர். ஆனா சொமை கொறஞ்சிருச்சுன்னு தெரிஞ்சா, மறுநாளே கிலோவக் கூட்டிருவாங்க. இல்லாட்டி ஆளக் கொறச்சிருவாங்க. அதுக்கு என்ன எழுதியிருக்கீங்க?”

தாளின் மறுபக்கம் வெறுமையாக இருந்தது. பெரட்டுக்களத்துக் கல்லில் அமர்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினோம்: மோட்டார் வருமுன் பேருக்குரிய கிலோ எழுத்தில் நிர்ணயிக்கப்படவேண்டும், அதனைக் கூட்டக்கூடாது, ஒரு பேர்கூடக் குறையக்கூடாது. மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்: அந்த மோட்டாரை ஓட்டும் வேலைக்கு ஆளெடுத்தால், கொழுந்தெடுக்கும் பெண்களிலிருந்தே எடுக்கவேண்டும்.