உத்தியோகம்

உத்தியோகம் என்பதற்கு முதற்பொருள் முயற்சி. வடமொழியில் ‘யுஜ்’ என்னும் வினையடிக்குப் பூட்டுதல், இணைத்தல் என்று பொருள். யோகம் என்ற சொல் பிறந்ததும் அதிலிருந்துதான். முன்னால் ‘உத்’ சேர்ந்தபோது, ஒரு காரியத்தில் முனைந்து இறங்குவது என்ற பொருள் வந்தது. மகாபாரதத்தின் ஐந்தாம் பருவத்துக்கு உத்தியோக பருவம் என்று பெயர். கண்ணன் தூது போவதும், இரு தரப்பும் படை திரட்டுவதும் அங்கேதான். வில்லிபாரதத்திலும் அதே பெயர்தான்.

முயற்சியைக் குறித்த சொல் தென்னிந்திய மொழிகளில் சம்பள வேலையைக் குறிக்கலாயிற்று. தெலுங்கில் உத்யோகி, மலையாளத்தில் உத்யோகஸ்தன், தமிழில் உத்தியோகஸ்தர். இந்தியில் அது வேறு பக்கம் போய்த் தொழில்துறை ஆனது. 1981இல் தொடங்கிய கார் நிறுவனம் ‘மாருதி உத்யோக்’ என்று பெயர் வைத்துக்கொண்டது அந்தப் பொருளில்தான்.

தமிழில் பழைய பொருள் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது: ‘உத்தியோகம் புருஷ லட்சணம்’. முயற்சிதான் ஆணுக்கு அழகு என்று கொண்டால் நல்ல பழமொழி. ஆனால் வேலை கிடைக்காத பையனை இடித்துக்காட்டவே வீடுகளில் அது பயன்படுகிறது. “மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?” என்ற கேள்விக்கு வயலும் பதிலாகாது, மளிகைக் கடையும் பதிலாகாது. விடிகாலை நாலு மணிக்குக் கடை திறப்பவனுக்கு உத்தியோகம் இல்லை என்பது, சொல்லின் பிறப்பை வைத்துப் பார்த்தால், அநியாயம்.

உத்தியோகத்துக்குத் தமிழ் சேர்த்த வினை ‘பார்’. கணக்குப் பார்க்கிறார்கள், வைத்தியம் பார்க்கிறார்கள், உத்தியோகமும் பார்க்கிறார்கள். கண்ணால் பார்ப்பதல்ல இது, பொறுப்பேற்றுக் கவனிப்பது.

தமிழ்நாட்டில் 1956இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தபின், கோப்புகளில் இச்சொல்லின் இடத்தை ‘அலுவல்’ பிடித்துக்கொண்டது. 1980இல் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்டு, பிறகு வந்தவர் கிராம நிர்வாக அலுவலர். இலங்கையில் நிலைமை தலைகீழ். அங்கே அரசு எழுதுவது உத்தியோகத்தர் என்றுதான்; அரசு சார்ந்த எதுவும் ‘உத்தியோகபூர்வம்’. அலுவல் என்பதோ அன்றாடப் பேச்சிலும் புழங்கும் சொல். “ஒரு அலுவலா வந்தனான்” என்று யாழ்ப்பாணத்தில் ஒருவர் சொன்னால் அது கடன் கேட்பதாகவும் இருக்கலாம், கலியாணப் பேச்சாகவும் இருக்கலாம். உத்தியோகம் பார்க்கும் இடத்துக்கு அங்கே ‘கந்தோர்’ என்று பெயர். ஒல்லாந்தர் விட்டுப்போன சொல்.

எழுத்தில் எந்தச் சொல் வென்றாலும் ஊர்ப்பேச்சு தன் வழியே போகிறது. கிராம உத்தியோகத்தரை யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் இன்றும் விதானையார் என்றே கூப்பிடுகிறார்கள்.