பதினோரு வட்டங்கள்

பள்ளிக்கூடத்தில் வம்ச விருட்சம் வரைந்து வரச் சொன்னார்களாம். பேத்தி வெள்ளைத் தாளும் பென்சிலுமாக என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்கள் பாட்டிக்கு எத்தனை குழந்தைகள், பாட்டி?"

"பதினொன்று."

பென்சில் அப்படியே நின்றுவிட்டது. "பதினொன்றா! அத்தனை பேர் எதற்கு?"

சிறுமியாக இருந்தபோது நானும் என் பாட்டியிடம் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். அரிசி புடைத்துக் கொண்டிருந்தவள் முறத்தை நிறுத்தாமலே, "எத்தனை தங்கும் என்று யாருக்கடி தெரியும்?" என்றாள். தங்கியவை நாலு. போன ஏழில் மூன்றுக்குப் பெயர் வைக்கக்கூட நேரமில்லை. ஆனாலும் யார் கேட்டாலும் பாட்டி நாலு என்று சொன்னதில்லை. பதினொன்று என்றுதான் சொல்வாள்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமா? அம்மை, காலரா, பிளேக், பஞ்சம். போதாததற்கு 1918-ல் உலகையே உலுக்கிய விஷக் காய்ச்சல். 1911-க்கும் 1921-க்கும் இடையே இந்தியாவின் ஜனத்தொகை ஏறவில்லை; சிறிது இறங்கியே விட்டது! வீட்டுக்கு வீடு தொட்டில் ஆடிய காலத்தில்தான் இந்தக் கணக்கு.

என் அம்மா ஆறு பெற்றாள். ஆறு பேரும் பிழைத்தோம். அம்மை குத்த வாசலுக்கே ஆள் வந்தார். கொசுவுக்கு மருந்து அடித்தார்கள். காய்ச்சல் முற்றினால் பென்சிலின் ஊசி இருந்தது. பிறப்பு ஏறக்குறையப் பழையபடியே இருக்க, இறப்பு மட்டும் குறைந்தது. 1951-ல் 36 கோடியாக இருந்த நாம் 2011-ல் 121 கோடி ஆனோம். 'கண்டபடி பெற்றுத் தள்ளுகிறார்கள்' என்று பெண்களைக் கரித்துக் கொட்டியவர்கள் உண்டு. நாங்கள் பெற்றது கூடவில்லை ஐயா, பறிகொடுத்ததுதான் குறைந்தது!

என் முறை வந்தது. 1974-ல் இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்தபோது, "பிள்ளைக் குழந்தையாக இன்னும் ஒன்று பார்க்கலாமே" என்றார் மாமியார். குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை சர்க்கார் 1952-லேயே ஆரம்பித்திருந்தது. சுவரெல்லாம் சிவப்பு முக்கோணம். ஆனால் எனக்குத் தைரியம் தந்தது முக்கோணம் அல்ல. பிறந்த இரண்டும் நிலைக்கும் என்ற நம்பிக்கை. என் பாட்டிக்குக் கிடைக்காத நம்பிக்கை.

"போதும், அம்மா" என்றேன். அவரை எதிர்த்து நான் சொன்ன ஒரே சொல் அதுதான். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் காலை, பேத்திக்குத் தலை வாரிவிட அவரே சீப்பும் கையுமாக வந்தார்.

என் பெண் படித்தாள், உத்தியோகம் பார்த்தாள், ஒன்றோடு நிறுத்திக் கொண்டாள். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை என்றது 2019-21 குடும்பநல ஆய்வு. ஜனத்தொகை நாளடைவில் குறையாமல் நிற்கச் சுமார் 2.1 வேண்டுமாம். அன்று பெருகுகிறதே என்று கவலை. இன்று, வயதானவர்களைத் தாங்க ஆள் இருக்குமா என்று கவலை. "உனக்கும் இன்னும் ஒன்று..." என்று ஒரு நாள் என் நுனி நாக்கு வரை வந்துவிட்டது. மாமியாரின் முகம் ஞாபகம் வந்தது. விழுங்கிவிட்டேன்.

"பாட்டி, தாளில் இடமே இல்லை. பிழைத்த நாலு பேரை மட்டும் போடட்டுமா?"

"வட்டத்தைச் சின்னதாகப் போடு, கண்ணு. பதினொன்றும் இருக்கட்டும்."

போட்டாள். பெயரில்லாத மூன்று வட்டங்களை மட்டும் காலியாகவே விட்டாள்.