மகத்தைக் காட்டும் கொத்தனார்

"டெலஸ்கோப்புக்கு ரசமட்டம் வைக்கிற கொத்தனார் ஒருத்தர் இருக்கார், வந்து பாருங்க." நண்பர் போனில் சொன்ன இந்த ஒரு வரிக்காகத்தான் பிப்ரவரி நடுவில், அமாவாசையை ஒட்டிய ஒரு சனிக்கிழமை, வாணியம்பாடியில் இறங்கி ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினேன். பாதையில் காவலூர் வந்தது. மரங்களுக்கு மேலே வைணு பாப்பு வானாய்வகத்தின் வெள்ளைக் கூரை தெரிந்தது. 1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றோடு தொடங்கிய இடம். 1977-இல் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அந்தக் கோளைச் சுற்றி வளையங்கள் உண்டென்பதற்கான தடயம் பதிவான இடங்களில் இதுவும் ஒன்று. 2.34 மீட்டர் பெரிய கண்ணாடி 1986-இல் வந்தது.

நான் போக வேண்டியது அங்கே அல்ல. இன்னும் சில கிலோமீட்டர் தள்ளி, கூடாரம் போட்டு வாடகைக்கு விடும் ஒரு மேட்டுக்கு.

அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். முப்பது வருஷம் பெங்களூரில் கட்டட வேலை. முழங்கால் போனதும் ஊர் திரும்பினார். வானம் பார்க்க வந்த ஒரு குழுவுக்குப் பெட்டி தூக்கப் போனவர், அவர்கள் செய்வதை நாலு மாதம் பக்கத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொண்டார். இப்போது கூடாரக்காரருடைய 8 அங்குலக் கணினித் தொலைநோக்கி அவர் பொறுப்பில் இருக்கிறது. முக்காலியும் சேர்த்து 15 கிலோ.

நான் போனபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. முக்காலியை ஊன்றி, அதன் தலையில் ரசமட்டத்தை வைத்தார். கொத்தனார்கள் வைத்திருக்கும் அதே ரசமட்டம்தான். ஓரங்கள் தேய்ந்து, பக்கவாட்டில் பழைய சிமெண்ட் பூச்சு ஒட்டியிருந்தது. ஒரு காலை விரலளவு இறக்கினார். குமிழி நகர்ந்தது. குறுக்காகத் திருப்பி வைத்து மறுபடி பார்த்தார். இதற்கு மட்டும் பத்து நிமிஷம்.

"இதுல குட்டியா ஒரு மட்டம் கம்பெனிக்காரனே வச்சிருக்கானே அண்ணே?"

"அது பொத்தான் மாதிரி இருக்குது தம்பி. அதை நம்பி நான் ஒரு கல்லுகூட வைக்கமாட்டேன்."

தளம் சரியாக இருந்தால் கருவியின் முதல் கணிப்பு வானத்துக்குப் பக்கத்தில் விழும்; கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் நட்சத்திரங்களைக் காட்டிக் காட்டிச் சரிசெய்துவிடலாம் என்று புத்தகம் சொல்கிறது. அவருக்கு அது சமாதானம் ஆகவில்லை. காவலூரின் பெரிய தொலைநோக்கியை ஒருமுறை பார்த்திருக்கிறார். அதன் அச்சு வடக்கு நோக்கி ஏறத்தாழ பன்னிரண்டரை டிகிரி நிமிர்ந்திருக்கும், அந்த ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு. "அவ்வளவு பெரிய இரும்பை அந்தச் சாய்வுல நிறுத்தணும்னா அஸ்திவாரத்துல எத்தனை தடவை மட்டம் பார்த்திருப்பாங்க!" என்றபோது அவர் குரலில் இருந்தது தொழில்காரனுக்குத் தொழில்காரன் வைக்கும் மரியாதை.

வெளிச்சம் இருக்கும்போதே மேலே இருந்த சிறு குறிபார்ப்பானைச் சரிசெய்தார். தூரத்துச் செல்போன் டவரின் உச்சியைப் பெரிய குழாயில் நடுவுக்குக் கொண்டுவந்து, பிறகு குறிபார்ப்பானின் சிவப்புப் புள்ளியையும் அதே உச்சியில் உட்கார வைத்தார். இருட்டியதும் ரிமோட்டைக் கையில் எடுத்தார். ஊர், நேரம், தேதி. ரிமோட்டின் முதுகில் "மாசம் முதல்ல" என்று எழுதிய பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அமெரிக்க வழக்கப்படி அந்தக் கருவி மாதத்தை முதலில் கேட்கும். மார்ச் 2 என்று நினைத்து நாம் 02/03 அழுத்தினால் அது பிப்ரவரி 3 என்று எடுத்துக்கொள்ளும். 27 நாள் பிசகு. வானம் நாளுக்கு ஒரு டிகிரி வீதம் நகர்வதால் 27 டிகிரி பிசகு. கடிகாரம் நாலு நிமிஷம் தப்பினால் ஒரு டிகிரி. கண்ணருகு வில்லையில் தெரியும் வட்டம் முழுநிலவைவிடக் கொஞ்சம்தான் பெரியது, ஒரு டிகிரிகூட இல்லை.

பல்லாயிரம் வான்பொருள்களின் இருப்பிடம் அந்தப் பெட்டிக்குத் தெரியும். தான் எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்பது மட்டும் தெரியாது. மனிதர் ஒருவர் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து "இதுதான் இன்னது" என்று சொல்ல வேண்டும். இரண்டாவது ஒன்றையும் உறுதி செய்ய வேண்டும். அதன் பிறகுதான் அதன் படிப்பெல்லாம் பயன்படும்.

அவர் ஐந்தாவது வரை படித்தவர். ரிமோட்டில் பெயர்கள் ஆங்கில எழுத்தில் ஓடும். அதற்காக ஒரு நோட்டு வைத்திருக்கிறார். எழுத்துகளைப் படம் வரைவதுபோல் ஒரு பக்கம் எழுதி, எதிரே தமிழில்: அல்டெபரான், ரோகிணி. ரெகுலஸ், மகம். ஸ்பைகா, சித்திரை. ஆர்க்டரஸ், சுவாதி. அன்டாரெஸ், கேட்டை. அல்டெயர், திருவோணம். அரபும் லத்தீனும் கிரேக்கமும் ஒரு பக்கம், நம் பாட்டிமார் வாயில் இருந்த பெயர்கள் மறுபக்கம். அந்த நோட்டை வெகுநேரம் கையில் வைத்திருந்தேன்.

முதலில் சிரியஸ். நடுவுக்குக் கொண்டுவரும்போது கடைசி அழுத்தம் எப்போதும் மேல் பொத்தானும் வலது பொத்தானும்தான். "பல்லுல ப்ளே இருக்குது. ஒரே பக்கமா தள்ளி நிறுத்தினாத்தான் அது வாங்காது." இரண்டாவதாகக் கருவி தானே ரோகிணியைக் கேட்டது. அவர் மறுத்தார். ரோகிணி அப்போது உச்சந்தலைக்கு நேர் மேலே நின்றது. உச்சியில் இருக்கும் நட்சத்திரத்தை வைத்துத் திசை சொல்வது கடினம். அடுத்ததாக வடக்கே காப்பெல்லாவை நீட்டியது. அதற்குச் சம்மதித்தார். குழாய் முனகிக்கொண்டே திரும்பி நின்றது. நடுவுக்குக் கொண்டுவந்து உறுதி செய்தார்.

புகைப்படக்காரர்களுக்காகத் துருவ நட்சத்திரத்தை வைத்து அச்சைச் சரிசெய்யும் வேறொரு முறையும் உண்டு. விளக்கினார், எனக்குப் பிடிபடவில்லை. இங்கே துருவன் பன்னிரண்டரை டிகிரி உயரத்தில், எதிர் மலைக்குப் பின்னால் இருப்பது மட்டும் புரிந்தது.

கூடாரத்திலிருந்து நாற்பது பேர் வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் அவர் கேட்ட முதல் கேள்வி: "உங்க நட்சத்திரம் என்ன?" ஜாதகத்தில், அர்ச்சனைச் சீட்டில், கல்யாணப் பத்திரிகைப் பேச்சில் வாழ்நாளெல்லாம் சொல்லி வந்த பெயர். அதை வானத்தில் பார்த்தவர் அந்த நாற்பதில் ஒருவரும் இல்லை. ஒரு மூதாட்டி "மகம்" என்றார். கிழக்கே அப்போதுதான் மகம் ஏறியிருந்தது. வில்லையில் பார்த்துவிட்டு நிமிர்ந்தவர் வெறுங்கண்ணாலும் அதைத் தேடிப் பிடித்தார். "எழுபத்தோரு வருஷமா இது இங்கேயா இருந்துச்சு?" என்று கேட்டார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

நடுவில் ஒரு பையன் முக்காலியில் மோதினான். எல்லாம் போயிற்று. அவர் கோபிக்கவில்லை. ரசமட்டம், சிரியஸ், காப்பெல்லா. ஐந்து நிமிஷத்தில் வரிசை மறுபடி நகர்ந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த "நட்சத்திர இரவு" விளம்பரத்தைக் காட்டித்தான் தலைக்கு 1,800 ரூபாய் வாங்குகிறார்கள். கருவியை இயக்குபவருக்கு இரவு முழுக்க 700. அதுவும் வானம் தெளிவாக இருந்தால். மேகம் வந்தால் கூடாரத்துக்கு வாடகை உண்டு. பதினைந்து கிலோவைத் தூக்கி வந்து, பாட்டரி ஏற்றி, விடிய விடியக் காத்திருந்தவருக்குக் கூலி கிடையாது. மழைக்கு வேலை நின்றால் சித்தாளைச் சும்மா அனுப்பும் அதே கணக்கு மலை ஏறி வந்திருக்கிறது. கருவிக்கு விலை உண்டு, பாய்க்கு விலை உண்டு, இருட்டுக்குக்கூட விலை வைத்துவிட்டார்கள். இரண்டு நட்சத்திரங்களை அடையாளம் காட்டத் தெரிந்த அறிவுக்கு மட்டும் விலை இல்லை. அது இல்லாவிட்டால் அந்தக் கருவி வெறும் இரும்பு. வருகிறவர்கள் பணம் கட்டும்போதே, காட்டுகிறவருக்கு எவ்வளவு போகிறது என்று கேட்க வேண்டும். நாலு பேர் கேட்டால்கூட அந்த 700 ஏறும்.

அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. நான் கேட்டபோது பேச்சை மாற்றினார்.

மூன்று மணிக்கு எல்லோரும் தூங்கியிருந்தார்கள். பழைய பாயை வெட்டிச் செய்த பனித்தடுப்பைக் குழாயின் வாயிலிருந்து கழற்றி ஈரத்தை உதறி மாட்டினார். பிறகு கருவியை அணைத்துவிட்டு ரிமோட்டை என்னிடம் நீட்டினார். "நீங்க பண்ணுங்க."

ஊர், நேரம், தேதி. மேற்கே சாய்ந்திருந்த மகத்தைப் பிடித்தேன். இரண்டாவதாகக் கருவி தானே சுவாதிக்குத் திரும்பியது. வில்லையில் ஒன்றுமில்லை.

"தேதி என்ன போட்டீங்க?"

சொன்னேன்.

"பன்னெண்டு மணி தாண்டிடுச்சே தம்பி."

திருத்தி, மறுபடி மகத்திலிருந்து தொடங்கினேன். சுவாதி வந்தது. ஒமேகா சென்டாரி என்று அழுத்தினேன். ஏறத்தாழ 17,000 ஒளியாண்டு தொலைவில், ஒரு கோடி விண்மீன்கள் திரண்ட கொத்து. தென்வானில் முப்பது டிகிரிக்கும் கீழே, வடநாடுகளில் பல இடங்களில் அடிவானம் தாண்டாதது. குழாய் தெற்கே இறங்கி நின்றது. வில்லையின் இடது ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு, மாவுபோல ஒரு வெளிச்சம்.

அவரும் குனிந்து பார்த்தார். "சுவாதியில கடைசியா எந்தப் பொத்தானை அழுத்தினீங்க?"

இடது.

"மேல், வலது," என்றார்.