கையிற் பிடிபடாத் திறவுகோல்

திறவுகோல் என்னுஞ் சொல் நம் மொழியிலேயே பிறந்தது. சாவி என்பதோ போர்த்துக்கீசியர் கப்பலில் வந்திறங்கியது. அலமாரியும் அவர் கொணர்ந்ததே. திறக்கப்படுவதையும் திறப்பதையும் ஒருவரிடமே கடன்பெற்ற நாம், இந்நாளிற் புதியதொரு திறவுகோலையும் ஏற்றுக்கொண்டுள்ளோம். அஃது இரும்பாலாயதன்று; இடுப்பிற் செருகத்தக்கதுமன்று; வெறும் எண்களாலாயது. இணையத்தில் ஒரு பொருள் எவருடையது, ஒருவர் இன்னார் என்பது எவ்வாறு துணியப்படும், எவ்வாயிலில் எவர் புகலாம் என்பன யாவும் இன்று அவ்வெண்களையே சார்ந்து நிற்கின்றன. கணிதம் எமக்குரிய பாடமன்று; விடுதித் தோழராகிய கணித மாணவர் ஒருவர் பல இரவுகள் பொறுமையுடன் விளக்கியதன் துணையாலேயே இதனை எழுதப் புகுந்தோம்.

பழைய பூட்டிற்குப் பூட்டவும் திறக்கவும் ஒரே கோல். மறைமொழி எழுதுவோரும் நெடுங்காலம் அவ்வாறே ஒரே குறியைத் தம்முட் பகிர்ந்துகொண்டனர். பூட்டுங்கோல் வேறாகவும் திறக்குங்கோல் வேறாகவும் இருத்தல் கூடும் என்பதை 1976ஆம் ஆண்டில் டிஃபி, ஹெல்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் எழுதி வெளியிட்டனர். மறு ஆண்டில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் என்னும் மூவர் அதற்கொரு வழி கண்டனர். 101ஐ 103ஆற் பெருக்கி 10403 என்று சொல்லுதல் சிறுவர்க்கும் எளிது. 10403ஐக் கையிற் கொடுத்து, எவற்றைப் பெருக்க இது வந்தது என்று வினவின், பெரியோரும் சற்றே திகைப்பர். எண் வளர வளரத் திகைப்பும் வளரும். அம்மூவரும் 1977இல் 129 இலக்கமுள்ள ஓரெண்ணை உலகின்முன் வைத்துப் பகுத்துக் காட்டுமாறு அறைகூவினர். 1994இல் இணையவழிக் கூடிய ஏறத்தாழ 600 பேர் தத்தம் கணினிகளை உழைக்கவிட்ட பின்னரே அது பகுபட்டது. இன்று பெருவழக்கிலுள்ளவை 617 இலக்கமுடையன. ஆகலின் பெருக்கத்தொகையை ஊரறிய வெளியிடலாம். அதன் காரணிகளை மட்டும் மறைத்துக் காத்தால் அமையும்.

இதனையே மறுதலையாக வழங்கின் கையொப்பமாகும். ஒருவர் இன்னார் மகன் என்பதற்குச் சபைக்குருவின் ஒப்பமும் முத்திரையும் உடைய ஞானஸ்நானப் பத்திரம் ஒருகாலத்துச் சான்றாயிற்று. அவ்வொப்பத்தைப் பார்த்து எழுதவல்லாரும் இல்லாமலில்லை. மறைகோலால் இடப்படும் ஒப்பத்தையோ எவரும் சரிபார்க்கலாம். உரியவரன்றிப் பிறர் இடவியலாது. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அதனை ஏற்றுக்கொண்டது. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் ஆகிய நிறுவனங்கள் 2022இல் ஒருங்கே அறிவித்துப் பரப்பிவரும் பாஸ்கீ என்பதும் இம்முறையினதே. கைபேசியினுள் உறையுங்கோல் ஒப்பமிட, வாயில் திறக்கின்றது. திருடுதற்குக் கடவுச்சொல்லே இல்லை. இது நன்றென்றே கருதுகின்றோம்.

நிற்க. உடைமை பற்றியே எமக்கு மனம் அமையவில்லை. எம்மிடமுள்ள நன்னூலுரை எம் பாட்டனாருடையது; எவரையும் கேளாது அவர் எமக்கு ஈந்தார். விலைகொடுத்த மின்னூலை அங்ஙனம் ஈதல் அரிது. நூல் பூட்டியபடியே வருகின்றது. கோலோ விற்றவர் ஆட்சியில் உள்ளது. 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், தான் விற்ற ஆர்வெலின் நூல்கள் இரண்டினை வாங்கினோரின் கிண்டில் கருவிகளினின்றும் தொலைவிலிருந்தே அழித்துவிட்டது. உரிமையில்லாதார் வெளியிட்ட பதிப்பு என்பது காரணம். பணம் திருப்பித் தரப்பட்டது. தலைவராகிய ஜெஃப் பெசோஸ் பின்னர் மன்னிப்பும் வேண்டினார். அவ்விரு நூல்களுள் ஒன்று, பழைய ஏடுகளை அழித்துத் திருத்தும் ஓர் அரசைப் பற்றிய 1984 என்னும் புதினம்! 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூற் கடையை மூடியபொழுது, அங்கு வாங்கிய நூல்கள் யாவும் திறவாதொழிந்தன. அங்கும் பணம் திரும்பியது. ஆனாற் பணமும் நூலும் ஒன்றோ? திரும்பப் பறிக்கத்தக்க இத்தகைய பொருள்களை விற்கும் வணிகர், தாம் தருவது உரிமமே என்று தெளிவுறக் கூறாமல் 'வாங்குக' என்னுஞ் சொல்லை வழங்கலாகாது என்று கலிபோர்னியா மாநிலம் விதித்த சட்டம் 2025 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. ஒரு வினைச்சொல்லின் பொருளைக் காக்கச் சட்டமன்றம் கூடவேண்டியதாயிற்று என்பது இலக்கணம் பயில்வார்க்குச் சுவையான செய்தியே.

அங்ஙனமாயின் கோலை நாமே வைத்துக்கொள்ளலாகாதோ எனின், அதற்கும் இடருண்டு. பிட்காயின் என்னும் நாணயத்திற் கோலுடையாரே பொருளுடையார். வேல்ஸ் நாட்டு நியூபோர்ட் நகரில் 2013இல் குப்பையோடு போன வன்தட்டு ஒன்றிற் பெருஞ்செல்வத்தின் கோல் உள்ளதென்பர். தேடித் தோண்டுதற்கு 2025இல் நீதிமன்றமும் இடந்தரவில்லை.

எம் இல்லத்துச் செல்வம் சிறிது. தமிழாசிரியராயிருந்து ஓய்வுபெற்ற பாட்டனார், எம்மூர்ப் பனந்தோப்புகளிற் சென்று, முதிய பனையேறிகள் நால்வர் வாய்ச்சொற்களைக் கைபேசியிற் பதிந்து வந்தார். பாளையருவாள், கடிப்பு, முறுக்குத்தடி, விடிலி என நாம் அறிந்தவை சிலவே. அகராதியேறாதன பலவென்று சொல்லி மகிழ்வார். சென்ற ஆண்டு திடீரெனக் காலமானார். அவருடைய இரும்புப் பெட்டியின் சாவியும் அகப்படவில்லை. பூட்டுச் செப்பனிடுவார் ஒருவர் கால்மணி நேரத்தில் அதனைத் திறந்து தந்தார். உள்ளே நிலப்பத்திரங்கள் இருந்தன. கைபேசிக்கோ 6 இலக்க எண். பிறந்த ஆண்டு, மணநாள், பழைய வீட்டிலக்கம் முதலியன இட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு முறை தவறுந்தோறும் அது காத்திருக்கச் சொல்லும் நேரம் நீண்டது. இன்னும் தவறின் உள்ளுள்ளன அழிதலுங் கூடுமென்று மாமா தடுத்துவிட்டார். அனைத்தையும் அழித்துப் புதுக்கித் தருதல் இயலும், திறந்து தருதல் இயலாது என்றார் கடைக்காரர். கணிதத் தோழரும் அதுவே மெய்யென்றார். நினைவகத்தைப் பெயர்த்தெடுத்தாலும் மறைமொழியே கிட்டுமாம். அவ்வுறுதியை வகுப்பிற் புகழ்ந்து பேசிய யாம் அன்று யாதும் பேசவில்லை.

தாயார் நாடோறும் அதற்கு மின்னூட்டி வைக்கின்றார். விடியல் நாலரைக்கு அவர் அமைத்திருந்த மணி, எண் கேளாமலே இன்றும் ஒலிக்கின்றது. நால்வருள் ஒருவர் கார்த்திகையில் இறந்தார். மற்றொருவர்க்குச் செவி கேளாது. எஞ்சிய இருவரையும் வரும் பதநீர்க் காலத்திற் கண்டு, தாளிற் குறித்துவர எண்ணியுள்ளோம்.