அத்தையின் வலது கை

என் முதல் கவிதைத் தொகுப்பு வெளிவந்த கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "உங்கள் வரிகள் திடீரென்று அறுந்து, ஒரு அடி விட்டுத் தொடங்குகின்றனவே, இது யாருடைய பாதிப்பு?" நான் மூன்று பெயர்களைச் சொன்னேன். மூவரும் ஆண்கள், மூவரும் கவிஞர்கள். என் அத்தையின் பெயர் அதில் இல்லை. அவள் கவிதை எழுதியவள் இல்லை. கிட்டார் வாசித்தவள்.

1986இல் எனக்கு எட்டு வயது, அத்தைக்கு இருபது. ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சரக்கு ரயில் போகும். இரவில் ஹார்பரிலிருந்து கப்பல் சங்கு கேட்கும். கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்த அண்ணன் வேலை கிடைத்து வெளிநாடு போனபோது அது அத்தையின் கைக்கு வந்தது. ஜி, சி, டி என்று மூன்று கார்டுகள் கற்றுக்கொண்டாள். வலது கை மேலிருந்து கீழே மட்டும் போகும். பூசைப் பாட்டுக்கு அது போதுமானதாக இருந்தது.

பக்கத்து வீட்டு டேப் ரெக்கார்டரில் 'இளைய நிலா' ஓடும். அதில் கிட்டார் வாசித்தவர் ஆர். சந்திரசேகர் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. அத்தை சுவரில் காதை வைத்துக் கேட்டுக் கேட்டுக் கம்பிகளைத் தனித்தனியாக மீட்டப் பழகினாள்.

மூன்றாவது பாடம் தெருவிலிருந்து வந்தது. சாவு விழுந்த வீட்டு வாசலில் விடிய விடியக் கானா நடக்கும். ஆண்கள் சட்டியும் டோலக்கும் வைத்துப் பாடுவார்கள். பெண்கள் உள்ளே ஒப்பாரி வைக்கலாம். அந்தப் பந்தலில் போய் உட்கார முடியாது. அத்தை மொட்டைமாடி இருட்டில் நின்று கேட்பாள், நான் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். சில வாரங்களில் அவள் வலது கை மாறியது. உள்ளங்கை ஓரத்தால் கம்பிகளை அழுத்தி ஒலியை அடைப்பாள், விரல் முட்டியால் மரத்தில் ஒரு தட்டு, பிறகு ஒரு அடி சும்மா விடுவாள். கிட்டாருக்குள்ளிருந்து சட்டிமேளம் கேட்டது.

ஒரு நாள் சாப்பிடும்போது நான் தட்டைக் கவிழ்த்து அந்தத் தாளத்தை அப்படியே அடித்துக் காட்டினேன். "ஆயா, அத்தை இப்படித்தான் சாவு மேளம் வாசிக்குது!" எல்லோரும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் கிட்டார் கோயிலுக்குத் திரும்பிப் போனது. வருடம் முடிவதற்குள் அத்தை கல்யாணமாகித் திருவொற்றியூருக்குப் போனாள்.

ஒரு கலைஞனின் கை எப்படி உருவாகிறது என்பதற்கு இளையராஜாவின் கதையைச் சொல்வோம். பண்ணைப்புரத்தில் தாய் சின்னத்தாய் பாடிய பாட்டுகள், அண்ணன் பாவலர் வரதராசனின் மேடைகள், சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை, சலில் சௌத்ரியின் குழுவில் கிட்டார். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கு ஏறுகிறது. அந்த அடுக்குகளில் முதலாவது ஒரு பெண்ணின் குரல் என்பதைக் கவனியுங்கள். கேட்டதையெல்லாம் கையில் கொண்டுவர அந்தப் பெண்ணுக்கு யார் வாத்தியம் கொடுத்தார்கள்?

அமெரிக்காவின் வட கரோலினாவில் 1893இல் பிறந்த எலிசபெத் காட்டன் என்ற கறுப்பினப் பெண் இடக்கைக்காரர். அண்ணனின் பாஞ்சோவை எடுத்துத் தானாகவே பழகினார். பிறகு வலக்கைக் கிட்டாரையும் தலைகீழாகப் பிடித்தே வாசித்தார். எல்லோருக்கும் கட்டைவிரல் கீழ்ச்சுருதியைப் பார்த்துக்கொள்ள, அவருக்கு அது மெட்டை வாசித்தது. வீட்டருகே போன சரக்கு ரயிலைப் பற்றிச் சிறுமியாக இருந்தபோதே பாட்டுக் கட்டினார். கல்யாணத்துக்குப் பிறகு, உலகப் பாட்டு கூடாது என்று தேவாலயத்தார் சொன்னார்கள். கிட்டாரைக் கீழே வைத்தார். பல பத்தாண்டுகள் கழித்து, வீட்டு வேலைக்குப் போன சீகர் என்ற இசைக் குடும்பத்தின் வீட்டில்தான் அது மறுபடி அவர் கைக்கு வந்தது. முதல் இசைத்தட்டு 1958இல் வந்தது. கிராமி விருது பெற்றபோது தொண்ணூறைத் தாண்டியிருந்தார்.

அவரைப் பற்றிப் படித்த வாரம்தான் அத்தைக்குக் கிட்டார் வாங்கினேன். மாமா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் 22 ஆண்டு தைத்த விரல்கள். எஃப் கார்டுக்குச் சுட்டுவிரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்தவேண்டும், மூட்டு ஒத்துழைக்கவில்லை. இரண்டு கம்பிகளைத் திறந்தே விட்டாள். அவை கப்பல் சங்குபோல அடியில் முனகிக்கொண்டே இருந்தன. பாதம் மட்டும் விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. தாளம் போடுகிறாள் என்று நினைத்தேன்.

"மெஷின் பெடல்டி. கால் மறக்க மாட்டேங்குது" என்றாள்.

2017இல் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கசிந்தபோது செய்தித்தாள்கள் 'பாதிப்பு' என்று எழுதின. வகுப்பில் ஒரு கவிஞரிடமிருந்து இன்னொருவர் பெற்றதற்கும் அதே சொல்லைத்தான் சொல்கிறோம். இரண்டும் வேறு வேறு என்று மாணவிகளுக்கு விளக்கி வந்தேன். அத்தை வாசித்ததைக் கேட்ட பிறகு அப்படி விளக்குவதை விட்டுவிட்டேன். அவள் கேட்ட பாட்டு, கேட்கவிடாத பாட்டு, வாசிக்காமல் போன ஆண்டுகள் எல்லாம் அந்த விரல்களில் இருந்தன.

கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் காணொளி ஒன்றைக் காட்டினேன். 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறிய குழு. கானாவும் கிட்டாரும் ஒரே மேடையில். நடுவில் இசைவாணி பாடுகிறார்.

"நம்ம ராயபுரத்துப் பொண்ணா?" என்று கேட்டாள். மறுபடி போடச் சொன்னாள். முடிந்ததும் மெதுவாகச் சொன்னாள்: "இதுக்காடி என்னை நிறுத்துனாங்க?"

முப்பது வருடத்துக்கு மேலாகச் சொல்லாததை அப்போது சொன்னேன். "நான்தான் அத்தை ஆயாகிட்ட சொன்னேன்."

"தெரியும். சமையக்கட்டுல இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்." கம்பியில் படிந்திருந்த உப்புக்காற்றின் துருவை முந்தானையால் துடைத்தாள். "அந்த ஒரு அடி விடணும்ல, அதைக்கூடச் சரியா விட்டு அடிச்ச. அன்னிக்கு எனக்குக் கோவம் வரலை. ஒருத்தியாவது கத்துக்கிட்டாளேன்னு இருந்துச்சு."